மிளகாய்ச் செடியை விண்டரில் காப்பாற்றுவது எப்படி? டொராண்டோ பக்கத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மிளகாயும் குடைமிளகாயும் ஓராண்டுச் செடிகள் இல்லை. உறைபனி படாத ஊரில் ஒரே செடி சில ஆண்டுகள் நின்று காய்க்கும். டொராண்டோ பக்கம் அக்டோபரில் விழும் முதல் உறைபனி ஒரே இரவில் அதைக் கருக்கிவிடுவதால்தான் இங்கே ஆண்டுதோறும் புதிதாக விதை போடுகிறோம்.

அதே செடியை உள்ளே எடுத்து மே மாதம் வரை உயிரோடு வைத்திருந்தால், வேரும் தண்டும் தயாராக இருப்பதால் விதைச் செடியைவிடப் பல வாரங்கள் முன்னதாகவே பூக்கும். ஹபனேரோ, ஸ்காட்ச் பானெட், நய் மிரிஸ் போன்றவை காய்த்துப் பழுக்க நெடுநாள் எடுப்பவை. காய் சிவக்குமா, பச்சையாகவே உறைபனியில் மாட்டுமா என்பது அந்தச் சில வாரங்களில்தான் இருக்கிறது.

புதிதாக முயல்பவர்களின் செடிகள் பெரும்பாலும் குளிரில் சாவதில்லை. ஜனவரி மாதம், கதகதப்பான அறையில், அளவுக்கு மீறிய தண்ணீராலும், அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியாலும் சாகின்றன. இரண்டுக்கும் அடித்தளம் செப்டம்பர், அக்டோபரிலேயே விழுந்துவிடுகிறது. அதனால் கீழே உள்ளவற்றில் பாதி, செடி வாசற்படி தாண்டும் முன் செய்ய வேண்டிய வேலைகள். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் முடிவு செய்யுங்கள்: ஓய்வா, விளக்கா?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செடியைக் குட்டையாக வெட்டி, குளுமையான இடத்தில், மிகக் குறைந்த தண்ணீரில் ஓய்வாக வைப்பது. இன்னொன்று, எல்இடி விளக்கின் கீழ் குளிர்காலம் முழுக்க இலையோடு வளர்ப்பது.

முதல் வழிக்கு 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடம் வேண்டும். இரண்டாவதற்கு 18 டிகிரிக்கு மேல் சூடும், ஒரு நாளைக்கு 14 மணி நேர வெளிச்சமும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே தொங்குவதுதான் ஆபத்து. மிளகாய்க்கு மேப்பிள் மரத்துக்கு இருப்பது போன்ற நிஜமான உறக்கம் கிடையாது. குளிரில் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். சூடான, ஆனால் இருட்டான அறையில் வைத்தால் அது வளரப் பார்க்கும். வெளிச்சம் இல்லாததால் வெளிறிப்போன நீளமான தளிர்களை விட்டு, தண்டில் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு பிப்ரவரியில் சாயும்.

பேஸ்மென்ட் உள்ள வீட்டுக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். செலவில்லை, வேலையும் குறைவு. காண்டோவில் எல்லா அறையும் 22 டிகிரியில் இருக்கிறதென்றால் விளக்கு வாங்கிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும் என்று நம்பாதீர்கள். டிசம்பர் கடைசியில் இங்கே பகலே ஒன்பது மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகமூட்டம்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

கூர்மையான கத்தரி, அதைத் துடைக்க ரப்பிங் ஆல்கஹால். 6 முதல் 8 அங்குல வாயுள்ள, அடியில் ஓட்டை உள்ள தொட்டிகள். புதிய மண்கலவை ஒரு மூட்டை, கூடவே மண் இறுகாமல் தண்ணீர் வடிய உதவும் வெள்ளைத் துணுக்குகளான பெர்லைட் கொஞ்சம். கார்டன் சென்டரில் கிடைக்கும் பூச்சிக்கொல்லி சோப்பு. மஞ்சள் ஒட்டு அட்டை. பெயர் எழுதி ஒட்ட டேப்பும் மார்க்கரும். இலை போனபின் எல்லாச் செடியும் ஒரே குச்சியாகத்தான் தெரியும். பெயர் எழுதாவிட்டால் மார்ச்சில் குடைமிளகாய் எது, ஹபனேரோ எது என்று முழிக்க வேண்டிவரும்.

ஒரு மலிவான வெப்பமானியும் வேண்டும். "எங்கள் பேஸ்மென்ட் குளிராகத்தான் இருக்கும்" என்பார்கள். அளந்து பார்த்தால் ஃபர்னஸ் பக்கம் 21, வெளிச்சுவர் மூலையில் 14 என்று இருக்கும். செடிக்கு அந்த மூலைதான் வேண்டும்.

3. எந்தச் செடிக்கு இந்த உழைப்பு தகும்?

எல்லாவற்றையும் உள்ளே இழுக்காதீர்கள். இரண்டு மூன்று போதும். ஆகஸ்ட் கடைசியிலேயே, செடி காயோடு நிற்கும்போது, எது நன்றாகக் காய்க்கிறது என்று பார்த்துக் கிளையில் ஒரு துணி கட்டிவிடுங்கள்.

ஹபனேரோ வகைகள், காந்தாரி, தென் அமெரிக்க அஹி வகைகள் தடித்த தண்டு வைப்பவை. குளிர்காலத்தை நன்றாகத் தாங்கும். ரொகோட்டோ இருந்தால் அதுதான் முதல் தேர்வு, மற்ற மிளகாய்களைவிடக் குளுமையை விரும்புவது. சாதாரணப் பச்சை மிளகாய், ஹலபேன்யோ போன்றவையும் பிழைக்கும். ஆனால் அவை விதையிலிருந்தே சீக்கிரம் காய்ப்பதால் லாபம் குறைவு.

குடைமிளகாய், கறிமிளகாய் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. தண்டு மென்மை, அழுகல் சீக்கிரம் பிடிக்கும். ஆனாலும் குடைமிளகாய் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பழுக்க இங்கத்திய கோடை பலமுறை போதாமல் போகிறது. பச்சையாகவே பறித்துச் சலித்தவர்களுக்கு, பருத்த தண்டுள்ள ஒரு செடியைக் காப்பாற்றுவது நியாயம்தான். கலப்பின ரகமென்றால் இன்னொரு காரணமும் சேரும்: அதன் விதையை எடுத்துப் போட்டால் அதே காய் வரும் என்ற உறுதி இல்லை, செடியையே காப்பாற்றினால் அதே காய்தான்.

இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக, நெளிந்து சுருண்டிருந்தால் வைரஸாக இருக்கலாம். அதை உள்ளே எடுக்கவே கூடாது. வைரஸுக்கு மருந்து கிடையாது, ஒரே கத்தரியால் மற்றதற்கும் பரவும். தண்டின் அடியில் மெத்தென்று கறுத்திருக்கும் செடியையும் விட்டுவிடுங்கள்.

4. நாள் குறிப்பது

உறைபனி எச்சரிக்கை வரும்வரை காத்திருப்பது பெரிய தவறு. இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 டிகிரிக்குக் கீழ் இறங்கத் தொடங்கும்போதே செடிக்கு அடிபட ஆரம்பிக்கிறது. டொராண்டோவில் இது பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ வரும். ஏரியை விட்டு வடக்கே தள்ளிய ஊர்களில் இன்னும் முன்னால்.

அதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே உரத்தை நிறுத்துங்கள். உரம் கொடுத்தால் இளந்தளிர் வரும். அசுவினி முதலில் தேடுவது அந்தத் தளிரைத்தான், அழுகல் பிடிப்பதும் அங்கேதான்.

மழையில்லாத, வெயிலடிக்கும் ஒரு பகலைத் தேர்ந்தெடுத்து, அடுத்த மூன்று படிகளையும், முதல் முறை சோப்பு அடிப்பது வரை, ஒரே நாளில் வெளியிலேயே முடித்துவிடுங்கள். சமையலறையில் வைத்து வெட்டினால் பூச்சியும் உங்களோடு குடிவந்துவிடும்.

5. பறி, வெட்டு

முதலில் காய், பூ, மொட்டு எல்லாவற்றையும் பறிக்க வேண்டும். காய் இருக்கும்வரை செடி தன் சக்தியை அங்கேதான் அனுப்பும். ஹபனேரோ என்றால் கையுறை கட்டாயம். பழுக்காத பச்சைக் காய்களைக் காம்பு கிள்ளி ஃப்ரீசரில் போடலாம். உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலுக்குப் பதில் ஓவனின் மிகக் குறைந்த சூட்டில் காயவைத்தால் மோர் மிளகாய் தேறும். வீடெல்லாம் நெடி ஏறும், ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

அடுத்து வெட்டு. செடியின் அடியிலிருந்து ஒற்றைத் தண்டாக ஏறிவந்து முதன்முதலில் இரண்டாகப் பிரியும் கவட்டையைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கவட்டைதான் காப்பாற்ற வேண்டிய சட்டகம். அதற்கு மேலே ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணுவை விட்டு மீதியை வெட்டுங்கள். கடைசியில் நிற்பது ஒரு சாண் உயரமுள்ள மொட்டைக் குச்சி.

கணுவுக்கு ஒட்ட வெட்டாமல் ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். வெட்டுவாய் காயும்போது கொஞ்சம் கீழ்நோக்கிப் பட்டுப்போகும். ஒட்ட வெட்டினால் கணுவும் சேர்ந்து போய்விடும். செடிக்குச் செடி கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள்.

பலருக்கு இங்கேதான் மனசு வராது. "நன்றாகத்தானே இருக்கிறது, இலையோடு இருக்கட்டுமே" என்று அரைகுறையாக வெட்டுவார்கள். அடுத்த படியில் வேரில் பாதியை இழக்கப்போகிறோம். பாதி வேரால் முழுச் செடிக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது. தவிர, ஒவ்வொரு இலையும் பூச்சிக்கு ஒரு வீடு. நம் ஆட்கள் கறிவேப்பிலையைப் பச்சை இலையோடு ஜன்னலோரம் வைத்துக் காப்பாற்றிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை மிளகாயில் காட்ட வேண்டாம்.

விளக்கில் வளர்ப்பவர்கள் இவ்வளவு குட்டையாக வெட்டத் தேவையில்லை. பாதி உயரத்துக்குக் குறைத்து, உள்பக்கம் நெருக்கும் கிளைகளை எடுத்தால் போதும்.

6. வேர் கழுவி, சின்னத் தொட்டிக்கு மாற்றுவது

தரையில் இருக்கும் செடியைச் சுற்றி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்குங்கள். தொட்டியில் இருந்தால் கவிழ்த்து எடுங்கள். பழைய மண்ணைக் கையால் உதிர்த்து, மீதியை ஹோஸ் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள்.

கழுவுவது சுத்தத்துக்காக மட்டும் இல்லை. தோட்டத்து மண்ணில் எறும்பு, பூச்சி முட்டை, நத்தை எல்லாம் இருக்கும். எறும்பு உள்ளே வந்தால் அசுவினியை அது பாதுகாக்கும், பிறகு இரண்டையும் சேர்த்து விரட்ட வேண்டும். தோட்டத்து மண் தொட்டியில் இறுகியும் போகும். இறுகிய ஈர மண் குளிரில் வாரக்கணக்கில் காயாது.

வெளிப்பக்கத்து மெல்லிய வேர்களைக் கத்தரித்து, தொட்டிக்குள் அடங்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். தண்டை ஒட்டிய தடித்த வேர்கள் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ, கெட்டியாக இருக்க வேண்டும். கறுத்துக் கொழகொழவென்று நசுங்குபவற்றை வெட்டிவிடுங்கள்.

மண்கலவை மூன்று பங்கு, பெர்லைட் ஒரு பங்கு. முன்பு இருந்த ஆழத்திலேயே நடுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் செடிக்கு வசதி என்று தோன்றும், ஆனால் வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் அப்படியே நின்று அழுகலைக் கொண்டுவரும். நட்டபின் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் ஊற்றி, முழுக்க வடியவிடுங்கள்.

7. பூச்சிச் சோதனை

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். குச்சியாக வெட்டியாயிற்று, இனி என்ன பூச்சி என்று நினைப்பார்கள். கணுவின் இடுக்கில் ஒரே ஒரு அசுவினி போதும். அது ஆண் துணையில்லாமலே உயிருள்ள குட்டிகளைப் போடும். ஒன்றிரண்டு வாரத்தில் அந்தக் குட்டிகளும் போடத் தொடங்கும். வெளியே பொறிவண்டு தின்று கணக்கை நேர் செய்யும். வீட்டுக்குள் அதைத் தின்ன ஆளில்லை.

குச்சி முழுவதையும், குறிப்பாகக் கவட்டையையும் கணுக்களையும், சோப்புக் கரைசலால் சொட்டச் சொட்ட நனையுங்கள். அளவு பாட்டிலில் போட்டிருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தை நினைத்த அளவில் கலக்காதீர்கள். அது தளிரைக் கருக்கும். சோப்பு பட்ட பூச்சியை மட்டும்தான் கொல்லும், காய்ந்தபின் அதற்கு வேலையில்லை. அதனால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை அடிக்க வேண்டும். முதல் தடவை தப்பியதும் முட்டையிலிருந்து வந்ததும் அடுத்த தடவை மாட்டும்.

இந்த இரண்டு வாரமும் மற்ற வீட்டுச் செடிகளிடமிருந்து தள்ளி, தனி அறையில் வையுங்கள். கறிவேப்பிலை, துளசி இருக்கும் ஜன்னலுக்கு நேரே கொண்டுபோகக் கூடாது. மஞ்சள் அட்டை ஒன்றைத் தொட்டியில் குத்திவைத்தால் பறக்கும் பூச்சி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இலையோடு வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் மாவு தெளித்தாற்போல வெள்ளைத் துணுக்குகள் கிடந்தால் அவை அசுவினி உரித்துப்போட்ட தோல். கீழ் இலைகள் பிசுபிசுவென்று ஒட்டினாலும் அதுதான். மேல்பக்கம் ஊசியால் குத்தினது போலப் புள்ளிப்புள்ளியாக வெளிறி, கிளை இடுக்கில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். ஹீட்டர் ஓடும் வீட்டின் வறண்ட காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஷவரில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீரால் இலையின் அடியை அடித்துக் கழுவி, பிறகு சோப்பு அடியுங்கள்.

8. எங்கே வைப்பது?

ஓய்வுச் செடிக்கு: வெப்பமானி 10 முதல் 15 காட்டும் இடம், கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் நல்லது. பேஸ்மென்ட் ஜன்னலோரம், குளிர் அறையின் உள்பக்கம், ஹீட்டரை அணைத்த விருந்தினர் அறை எதுவும் சரி. கராஜ் வேண்டாம். நவம்பர்வரை நன்றாகத்தான் இருக்கும். ஜனவரியில் மைனஸ் 20 வரும் ஓர் இரவில் அங்கேயும் உறைந்துவிடும்.

ஜன்னலோரம் வைத்தால் கிளை கண்ணாடியைத் தொடக் கூடாது, தொட்ட இடம் கருகும். சூடான காற்று வரும் வெண்ட்டுக்கு நேரே மேலே வைக்கவும் கூடாது.

விளக்குச் செடிக்கு: நான்கடி எல்இடி டேலைட் விளக்கு போதும், ஊதா நிறத்தில் விலை கூடிய விளக்குதான் வேண்டும் என்றில்லை. செடியின் உச்சியிலிருந்து ஓரடிக்குள் தொங்கவிட்டு டைமர் போடுங்கள்.

9. தண்ணீர்

ஓய்வுச் செடிக்கு இலை இல்லை. அது தண்ணீர் குடிப்பதும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் போதும். நாட்காட்டியைப் பார்த்து ஊற்றாமல் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தொட்டி கையில் காற்றாக இருக்கும், கனத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆனால் முற்றிலும் காய்ந்து மண்கட்டி சுவரைவிட்டு விலகும் அளவுக்கும் விடக் கூடாது. மெல்லிய வேர்கள் செத்துவிடும்.

குழாயின் ஐஸ் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் அறைச் சூட்டுக்கு வந்ததை ஊற்றுங்கள். உரம் ஒரு சொட்டும் வேண்டாம்.

வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவருக்கு மட்டும் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அம்மா ஒரு டம்ளர், அப்பா ஒரு டம்ளர், அரிசி களைந்த தண்ணீர் வீணாகாமல் இன்னொரு டம்ளர் என்று பாசத்தால் மூழ்கிய செடிகள் நிறைய. மண்ணைச் சுற்றிச் சின்னக் கறுப்புக் கொசு பறந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். மேல்மண்ணை இரண்டு அங்குலம் காயவிடுங்கள்.

10. உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது

டிசம்பருக்குள் மிச்சமிருந்த ஓரிரு இலையும் மஞ்சளாகி விழும். அது இயல்பு, பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். சந்தேகம் வந்தால் கிளையின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, வறண்டு இருந்தால் அந்த இடம் பட்டுப்போயிற்று. கீழே இறங்கி இறங்கிச் சுரண்டி, பச்சை வரும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். கவட்டைவரை போனாலும் அடித்தண்டு பச்சையாக இருந்தால் நம்பிக்கை உண்டு.

மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து மெத்தென்று இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். மற்றத் தொட்டிகளுக்கு அதன் மண்ணைப் பயன்படுத்த வேண்டாம்.

11. எழுப்புவது: பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம்

மார்ச் 20 வாக்கில் பகல் பன்னிரண்டு மணி நேரமாகிறது. அதை ஒட்டி எழுப்பினால் ஜன்னல் வெளிச்சமே பாதி வேலையைச் செய்யும். ஜனவரியில் அவசரப்பட்டு எழுப்பினால் மே வரை விளக்கிலேயே வைத்திருக்க வேண்டும்.

முதலில் சூடு, பிறகு வெளிச்சம், அப்புறம் தண்ணீர். செடியை 20 டிகிரிக்கு மேல் உள்ள அறைக்குக் கொண்டுவந்து தெற்கு ஜன்னலிலோ விளக்கின் கீழோ வையுங்கள். கணுவில் பச்சை முளை குத்திக்கொண்டு வரும்வரை தண்ணீரைக் கூட்டாதீர்கள். இலை இல்லாத செடிக்கு ஊற்றும் தண்ணீர் வேரை அழுகவைக்கும் என்பது மார்ச்சிலும் மாறாது.

தளிர் வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். நான்கைந்து நல்ல இலை விரிந்ததும், சொன்ன அளவில் பாதி உரம் கொடுங்கள். அடியோட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தால் ஓர் அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரே இடத்தில் கொத்தாக வரும் முளைகளில் வெளிப்பக்கம் நோக்கியவற்றை வைத்து மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அசுவினி திரும்பவும் தலைகாட்டுவது இந்தத் தளிர்களில்தான். சோப்பைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

ஏப்ரலிலேயே பூ வரும். ஆசையாகத்தான் இருக்கும், கிள்ளிப் போடுங்கள். இப்போது இலையும் வேரும் பெருக வேண்டும்.

12. வெளியே பழக்கி நடுவது

இங்கே தோட்டக்காரர்கள் கணக்கு வைப்பது விக்டோரியா டே நீண்ட வார இறுதி, அதாவது மே 25-க்கு முந்தைய திங்கள். அந்தத் தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இரவு 12 டிகிரிக்குக் கீழ் போகாத நிலை வந்தபின் நடுங்கள்.

அதற்கு பத்து நாள் முன்பிருந்தே பழக்க வேண்டும். முதல் இரண்டு நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயில், கடைசியில் முழு வெயில். வீட்டுக்குள் விரிந்த இலைக்கு நேர் வெயில் புதிது. ஒரே மதியத்தில் வெள்ளைக் காகிதம் போல வெளுத்துவிடும். காற்றடிக்கும் நாளில் உள்ளேயே வையுங்கள், புதுக்கிளைகள் கணுவோடு பிய்ந்து விழும்.

நடும்போது ஒரு யோசனை: செடியைத் தரையில் இறக்காமல், ஐந்து காலன் துணிப் பையிலோ வாளியிலோ வைத்து வெயிலில் நிறுத்துங்கள். தண்ணீர் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கும்தான். ஆனால் அக்டோபரில் தோண்ட வேண்டியதில்லை, வேரும் கையடக்கமாக இருக்கும். எதிர்பாராமல் ஓர் இரவு குளிர் இறங்கினால் தூக்கிக் கராஜுக்குள் ஓரிரு நாள் வைத்துக்கொள்ளவும் முடியும்.